எரத்னவில் ஓர் அறை

அக்கா,

நேற்று தெஹியோவிட்ட சந்தையில் மகளுக்கு ஒரு பன்புல் பாய் வாங்கினேன். ரப்பர் மலை ஏறி வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. பாய் நனைந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் காயப்போட்டேன். சூடு ஏற ஏற அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. சேறும் வெயில் பட்ட புல்லும் சேர்ந்த வாசனை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எரத்னவில் நாம் படுத்த பாய்க்கும் இதே வாசனைதான்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே லயத்தில், பக்கத்துக் காம்பிராவில் இருக்கிற ஆளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள். சுவரைத் தட்டினால் போதும், நீங்கள் வந்துவிடுவீர்கள். இப்போது தட்டினால் புதிதாகக் குடிவந்தவர்கள் "என்னங்க" என்று கேட்கிறார்கள். எனக்கு உங்களைப் பற்றிப் பெரிய குழப்பமாக இருக்கிறது. எழுதினால் தெளியும் என்று மகள் சொல்கிறாள். தெளிகிறதா பார்ப்போம்.

நாம் எரத்னவுக்குப் போன அந்த வருஷம் என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவரை, ஒரு சின்ன விசாரணை என்று இராணுவச் சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சின்ன விசாரணை நாலு மாதம் நீண்டது. நான் தலவாக்கலைப் பக்கம் பிறந்து, கட்டிக்கொடுத்து இங்கே வந்தவள். எங்கள் ஊரில் எங்கே திரும்பினாலும் தமிழ். இங்கே லயத்தை விட்டு இறங்கினால் கடை, பஸ், கந்தோர் எல்லாம் சிங்களம். எனக்கு அதில் பத்துச் சொல்தான் தெரியும். புருஷனும் பிள்ளையும் இல்லாத நீங்கள்தான், காலையில் ரப்பர் பால் வெட்டி முடித்த கையோடு, என்னைக் கூட்டிக்கொண்டு அவரைத் தேடிக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினீர்கள். நீங்கள் பேசுகிற சிங்களத்தைக் கேட்டு, சிங்களப் பெண் என்றே நினைத்து, அக்கா எந்த ஊர் என்று கிளாக்கர்மாரே கேட்டார்கள்.

அவர் திரும்பி வந்தால், தோட்டத்திலிருந்து செருப்பில்லாமல் நடந்து சிவனொளிபாத மலைக்குப் போகிறேன், உச்சியில் நின்று சாமி பேரை மூன்று தடவை வாய்விட்டுச் சொல்கிறேன் என்று வேண்டியிருந்தேன். அவர் வந்தார். கை நடுங்கியது. கூப்பிட்டால் திடுக்கிட்டார். ஆனாலும் வந்துவிட்டாரே. பங்குனிப் பௌர்ணமிப் போயாவுக்கு முன்னால் புறப்பட்டோம், நீங்களும் நானும். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டேன்.

அட்டன் வழியாகப் போயிருந்தால் வழியெல்லாம் நம் ஆட்கள். நீங்கள்தான் குருவிட்டப் பக்கம் திரும்பிப் பழைய பாதையில் ஏறுவோம் என்றீர்கள்.

"அந்தப் பக்கம் லேசுங்க்கா" என்றேன்.

"லேசா போறதுக்கா வேண்டுன, புள்ள?"

மூட்டையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன். இப்போது யோசித்தால் அதுவும் புரியவில்லை. வேண்டியவள் நான். கஷ்டமான பாதையை நீங்கள் ஏன் எடுத்தீர்கள்?

முதல் நாள் எகலியகொடவில் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் லயத்தில் தங்கினோம். இரண்டாம் நாள் குருவிட்டவில் ஒரு முஸ்லிம் கடைக்காரர், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கித் தந்தார். காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது, "மேலுக்குப் போனா எடமே ஈக்காது. போயா. பாத்துப் போங்கோ" என்றார். இடம் கிடைக்காவிட்டால் மரத்தடி என்று சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். மரத்தடி கூட மிச்சமில்லாத ஊருக்குத்தான் போகிறோம் என்று நமக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் வெயில் சாயும்போது எரத்னவுக்குள் நுழைந்தோம். முன்னால் தென்னம்பாளை கட்டிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எங்கும் வெள்ளைத்துணி கட்டிய சிங்கள யாத்திரிகர்கள். குழுக் குழுவாக வந்தவர்கள் மடங்களை முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். வாசலில் அடுப்பு மூட்டியிருந்தார்கள், படிக்கட்டில் குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். குரு கங்கைக் கரையில் பாறை மேல்கூடப் பாய் விரித்திருந்தது. என் கால் இரண்டும் கொப்புளம். கால் பதிந்த இடமெல்லாம் ஈரமாக இருந்தது.

ஒரு மடத்தில் மூலையில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்றார்கள். பொறுப்பாக இருந்தவர் நல்ல மனிதர்தான். அடையாள அட்டையைக் கேட்டார். என் பேரைப் படித்ததும் குரல் இறங்கிவிட்டது. அவர் சொன்னதை நீங்கள் எனக்குத் திருப்பிச் சொன்னீர்கள்:

"எடம் இருக்காம். ஆனா நம்ம ஆளுக தங்குறதா இருந்தா போலீஸ் பொயின்ட்டுல ஒரு துண்டு வாங்கிட்டு வரணுமாம். இல்லன்னா அவருக்குப் பிரச்சினையாம்."

பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் அந்தச் சோதனைப் பொயின்ட். மணல் மூட்டைகளைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. நீங்கள் கையைப் பிடித்து இழுத்தீர்கள். நான் அசையவில்லை.

"நான் வரலங்க்கா. திரும்பிப் போயிருவோம்."

"ஒரு துண்டு எழுதித் தருவாங்க. அவ்வளவுதான்."

"அவரையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க."

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு திரும்பி, ஊருக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்தீர்கள். சீசனில் சில வீடுகளில் ஆட்களை வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். முதல் வீடு நிறைந்திருந்தது. இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது வீட்டுப் பெண் என் மஞ்சள் சேலையையும் பொட்டையும் பார்த்துவிட்டு, தமிழா என்று கேட்டாள். நீங்கள் ஆமாம் என்றீர்கள். அவள் கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை. "பயமா இருக்கு அக்கே, குறை நினைக்காதீங்க" என்று வாசலில் நின்று கெஞ்சினாள். அவள் கெஞ்சியதைப் பார்த்து எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து இறங்கி ஓடைக்கரைக்குப் போனோம். நீங்கள் மூட்டையிலிருந்து உங்கள் வெள்ளைச் சேலையை எடுத்து, "இதக் கட்டு" என்றீர்கள். கட்டினேன். தாலிக் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளினீர்கள். முந்தானையை நனைத்து என் நெற்றியைத் துடைத்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, அவரு உசுரோட வந்ததுக்குத்தானே நடந்து வந்தேன். பொட்ட அழிக்கிறீங்களே."

"உள்ள போனதும் வாயத் தொறக்காத" என்றீர்கள். அதுதான் உங்கள் பதில்.

நாலாவது வீட்டு வாசலில் ஒரு அம்மா பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நீங்கள் கைகூப்பி, உங்கள் பேர் குசும் என்று ஒரு சிங்களப் பேரைச் சொன்னீர்கள், ஊர் ருவன்வெல்லப் பக்கம் என்றீர்கள். என் தோளில் கைவைத்து, "மகே நங்கி. கதா கரன்ன பே" என்றீர்கள். அந்தப் பத்துச் சொல்லில் இது எனக்குத் தெரியும். என் தங்கச்சி. பேச முடியாது.

அந்த அம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டார்.

அவர் நம்மிடம் அட்டை கேட்கவில்லை. பின்கட்டில் இருந்த சின்ன அறையைக் கூட்டிப் பாய் விரித்தார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, நான் காலை இழுக்க இழுக்க, பிடித்து வைத்துக் கழுவினார். சோறும் பலாப்பிஞ்சுக் கறியும் போட்டார். சாப்பிட உட்கார்ந்த இடத்துக்கு நேரே சுவரில் ஒரு படம். இராணுவச் சீருடையில் ஒரு பையன், கையில் தொப்பி. அவருடைய மகன், வவுனியாவில் இருக்கிறான், இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று அவர் உங்களிடம் சொன்னதை, அவர் அடுப்படிக்குப் போன நேரம் என் காதோடு சொன்னீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த உடுப்பு என் வீட்டுக்காரரின் கையை நடுங்க வைத்த உடுப்பு. அதைப் போட்ட பிள்ளையின் தாய் என் இலையில் இன்னும் ஒரு அகப்பை சோறு வைக்கிறார். யாரை வெறுப்பது, யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் குனிந்து தின்றேன். நன்றி என்று ஒரு சொல் சொல்லக்கூட வாய் இல்லை. அப்படியே படுத்துத் தூங்கிப்போனேன்.

விடிந்து எழுந்தபோது நீங்களும் அந்த அம்மாவும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவர் உள்ளே போய் மந்திரித்த பிரித் நூல் ஒன்றைக் கொண்டுவந்து, ஏதோ முணுமுணுத்தபடி என் கையில் கட்டினார். எனக்குக் குரல் வரவேண்டும் என்று வேண்டுகிறார் என்று நினைத்தேன். மனசு கூசியது. வேலிப் படலைக்கு வெளியே வந்து கொஞ்சதூரம் போனதும் கேட்டேன்.

"என்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. பாத்து ஏறச் சொன்னாங்க."

அதற்குப் பிறகு நான்தான் பேசவில்லை. காடு வந்தது, அட்டை கடித்தது, நீங்கள் எலுமிச்சம்பழத்தை வெட்டி என் காலில் தேய்த்தீர்கள். "இப்ப யாரும் இல்ல, பேசு புள்ள" என்றீர்கள். நான் பேசவில்லை. கோபமா, வெட்கமா, ஒரு நாள் ஊமையாக இருந்த பழக்கமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உச்சிக்கு வந்து சேர்ந்தோம். சுற்றிலும் சாது சாது என்றார்கள், எங்கோ ஓரத்தில் அரோகரா என்றார்கள். மணி அடித்தார்கள். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இரண்டாம் தரமும் திறந்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

அப்போது நீங்கள் எனக்குப் பக்கத்தில் நின்று, சிவனே என்று உரக்கச் சொன்னீர்கள். மூன்று தடவை. முந்தின நாள் என் பொட்டை அழித்த நீங்கள், அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவில் தமிழில் அப்படிச் சத்தம் போட்டீர்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வரிசை நகர்ந்தது. என் வேண்டுதலை நீங்கள் நிறைவேற்றி வைத்தீர்களா, பறித்துக்கொண்டீர்களா என்று நான் யோசித்துக்கொண்டே நின்றேன். உங்கள் கண்ணில் தண்ணீர் வடிந்தது. எனக்காக என்று அன்றைக்கு நினைக்கத் தோன்றவில்லை.

வந்த வழியே இறங்கி அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. நீங்களோ மலையின் மறுபக்கம், நல்லதண்ணி வழியாக இறங்கினீர்கள். கீழே தேத்தண்ணிக் கடையில்தான் எனக்குக் குரல் திரும்பியது, அதுவும் சண்டைக்கு.

"என்னைய ஊமையாக்கிட்டீங்க. அந்தப் பொம்பளைய ஏமாத்திட்டு வந்துட்டோம். திரும்பிப் போயி சொல்லணும்."

"சொல்லி என்னா செய்யப் போற?"

"மனசு கேக்கலங்க்கா."

"சில கதவ ரெண்டாந்தரம் தட்டக்கூடாது புள்ள."

அட்டன் பஸ்ஸில் ஏறி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். கொஞ்சநாள் பேச்சு இல்லை. பிறகு ஒருநாள் நீங்கள் சுவரைத் தட்டி உப்புக் கேட்டீர்கள், நான் கொடுத்தேன், எல்லாம் பழையபடி ஆனது. எரத்ன மட்டும் நம் பேச்சில் வரவில்லை. ஒன்பது வருஷம். அந்த வருஷமே நான் சிங்களம் படிக்கத் தொடங்கினேன். மகளின் பள்ளிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சந்தைக்காரிகளிடம் பேசிப் பேசி. எதற்கு இப்படி வெறி பிடித்துப் படிக்கிறாய் என்று நீங்கள் ஒருநாள் கேட்டீர்கள். நான் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

போன ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். நாலே நாளில் போய்விட்டீர்கள். கடைசி நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ பேசினீர்கள். என் காதில் பாதிதான் விழுந்தது. அம்மே, அம்மே என்றீர்கள். அது உங்கள் அம்மா இல்லை. அவரை நீங்கள் ஆத்தா என்றுதான் சொல்வீர்கள்.

அதனால்தான் மார்கழியில், சீசன் திறந்த கையோடு, யாரிடமும் சொல்லாமல் எரத்னவுக்குப் பஸ் ஏறினேன். வடக்கில் சண்டை முன்னைவிட அதிகம். மூன்று இடத்தில் இறக்கி அட்டை பார்த்தார்கள். மூன்று இடத்திலும் நானே பதில் சொன்னேன், சிங்களத்தில். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

அதே வீடுதான். கூரைக்குத் தகரம் போட்டிருந்தது. அந்த அம்மா நன்றாக மெலிந்துபோயிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "நான்தான் அந்த நங்கி. குசும் கூட வந்த ஊமை" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

"பேசுறியே" என்றார். "அன்னைக்கும் நீ பேசினியே."

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். அன்றைக்கு நான் தூக்கத்தில் பேசினேனாம். ஒரு ஆம்பளையின் பேரைச் சொன்னேனாம். பிறகு, அடிக்காதீங்க ஐயா, அடிக்காதீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அந்தச் சொல்லை அவர் தமிழிலேயே சொன்னார். "கீழ எஸ்டேட்டுல கேட்டிருக்கேன். அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்" என்றார்.

விடிந்ததும் உங்களிடம், நங்கி இந்த வீட்டில் பேசலாம், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாராம். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்களாம்.

"வேணாம் அம்மே. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அவ இங்க ஒரு வாய் சாப்பிட மாட்டா. மலையும் ஏற மாட்டா. அப்படியே திரும்பி ஓடிருவா."

குரல் வருவதற்கு நூல் கட்டவில்லை, பயம் போகத்தான் கட்டினேன் என்றார் அந்த அம்மா.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை அக்கா. அன்றைக்குச் சொல்லவில்லை, சரி. இறங்கும்போது ஏன் சொல்லவில்லை? தேத்தண்ணிக் கடையில் நான் அப்படிக் கத்தியபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்? தூக்கத்தில் நான் கதறியதை எனக்கே சொல்ல மனசு வரவில்லையா? இல்லை, ஏமாற்றப் போய்ப் பிடிபட்ட வெட்கமா? ஒன்பது வருஷமாக உங்கள்மேல் ஒரு சின்ன மனத்தாங்கலை வைத்துக்கொண்டே உப்பும் சீனியும் கொடுத்திருக்கிறேன். அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தே பேசாமல் இருந்தீர்கள் என்றால், என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அதையெல்லாம் அந்த அம்மாவிடம் கொட்டிவிடலாம் என்று நிமிர்ந்தேன். சுவரில் அந்தப் பையனின் படம் இருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தது. கீழே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "போன வருஷம்" என்றார். அவ்வளவுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா எங்க? ஏன் வரல?"

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன் அக்கா. அதற்காகவே ஒன்பது வருஷம் படித்த பாஷை அது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "சுகமா இருக்காங்க. கால் வலி, அதான் வரல" என்பது. அந்த விளக்குக்கு முன்னால் இன்னொரு சாவைச் சொல்ல முடியாமல் சொன்னேனா, நீங்கள் செத்துப்போனதை என் வாயால் சொல்லப் பிடிக்காமல் சொன்னேனா, தெரியவில்லை. நீங்கள் ஓடைக்கரையில் எனக்கு நேராகப் பதில் சொல்லாதபோது உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததோ.

அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். படலைவரைக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பங்குனிப் போயாவுக்கு அவளக் கூட்டிட்டு வா. மெதுவா வரட்டும், பஸ்ஸுல வரட்டும். பேர மாத்திச் சொல்ல வேணாம், அவ சொந்தப் பேரச் சொல்லிட்டு உள்ள வரட்டும். பின்னறைய யாருக்கும் குடுக்க மாட்டேன், அவளுக்காக வெச்சிருப்பேன்னு சொல்லு."

சொல்லுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உங்களிடம் சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன். போயாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அன்றைக்கு எரத்னவில் படிக்கட்டிலும் பாறையிலும் ஆள் படுத்திருக்கும், கால் கொப்புளித்த எவளாவது வீடு வீடாக ஏறி இறங்குவாள். அந்த அறை மட்டும் உங்களுக்காகப் பூட்டிக் கிடக்கும். அதை நினைத்தால் இங்கே உட்கார முடியவில்லை. போயாவுக்கு முன்னாலேயே போய்ச் சேரும்படி நாளை மறுநாளே நடக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன், செருப்பில்லாமல், அதே பாதையில். படலையில் நின்று அந்த அம்மா உங்களைத் தேடி எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும்போது என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.